கெளுத்திக்கு மூன்று முள்

சேசு மரி சூசை துணை.

கண்ணு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத இன்று கை வரவில்லை. நலமா இல்லையா என்பது பத்து மணிக்குத்தான் தெரியும். தருமபுரி ஆஸ்பத்திரியில், ஆண்கள் வார்டுக்கு வெளியே கிடக்கிற பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளே உன் அப்பா படுத்திருக்கிறார். பயந்துவிடாதே, உயிருக்கு ஒன்றும் இல்லை. மீன் முள் குத்தி, வலது கைக் கட்டைவிரலின் அடியில் அறுத்துக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். பத்து மணிக்கு டாக்டர் வந்து கட்டைப் பிரித்து, விரலை மடக்கச் சொல்லிப் பார்ப்பார். மடங்கினால் அவர் தையல்காரர். மடங்காவிட்டால் என்ன என்பதை நான் இன்னும் யோசிக்கவில்லை. யோசிக்கக்கூடாது என்றுதான் எழுதவே உட்கார்ந்தேன். முதலில் செபமாலையைத்தான் எடுத்தேன். எந்த மணியில் விட்டேன் என்று தெரியாமல் திரும்பத் திரும்ப முதலிலிருந்தே ஆரம்பித்துக்கொண்டிருந்தேன். மாதாவுக்கே சலித்திருக்கும். அதனால் கீழே கடையில் காகிதம் வாங்கி வந்தேன்.

உனக்கு எழுத வேண்டாம் என்பது அவர் உத்தரவு. "தந்தி கொடுக்கட்டுங்களா"ன்னு கேட்டேன். "தந்தியப் பாத்தா நான் செத்துட்டேன்னு நெனச்சுக்குவான்." "அப்ப கடுதாசி?" "பூனாவுல இருந்து ரயிலேறி வந்து என்ன பண்ணுவான், என் வெரலப் புடிச்சு ஊதுவானா?" இது அக்கறையா ரோஷமா என்று இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய எனக்கே பிடிபடவில்லை. அவர் பேச்சை நான் பெரிதாக மீறியதில்லை. இன்றைக்கு மீறுகிறேன். ஏனென்றால் இந்த வாரம் நடந்ததில் உனக்கும் பங்கு இருக்கிறது. குற்றம் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. பொறுமையாகப் படித்தால் விளங்கும்.

நீ வீட்டை விட்டுப் போன நாள் உனக்கு மறந்திருக்காது. டிகிரி முடித்தும் வேலை வரவில்லை, அதுவரைக்கும் கடையில் வந்து உட்காரு என்று அவர் சொன்னார். "மீனைப் பத்திப் படிச்சவன் பேண்டு தைக்கணுமா"ன்னு நீ கேட்டாய். அவர் சும்மா இருந்திருக்கலாம். "படிச்சு என்னாத்தக் கண்டே? அதுக்கு ஒரு பேரு, இதுக்கு ஒரு பேரு. கொழம்புல போட்டா எல்லாம் ஒரே மீனுதான்"னார். கடையில் அளவு கொடுக்க வந்தவர்கள் ரெண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் உன்னைப் பூனாவுக்கு அனுப்பியது என்று நான் இன்றும் நினைக்கிறேன். அவர் வாயால் சொன்னதைக்கூட நீ தாங்கியிருப்பாய்.

நீ போனபிறகு உன் மூங்கில் தூண்டில்கோல் கோழிக்கூண்டுக்கு மேலே, ஓட்டுச் சந்தில் செருகியபடி இருந்தது. ஒட்டடை அடிக்கும்போது எடுத்து வெளியே வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் அதே இடத்தில் திரும்பச் செருகியிருந்தது. பொங்கல் கழிந்து ஒரு சனிக்கிழமை, கடையை மத்தியானமே சாத்திவிட்டு வந்தவர், கொல்லையில் குழி தோண்டினார். என்னங்க தேடறீங்க என்றேன். "மண்புழு"ன்னார். எந்த ஜென்மத்திலும் தூண்டில் பிடிக்காத மனிதர். ஏரிக்கரையில் போய் உட்கார்ந்துவிட்டு இருட்டுவதற்குள் வெறுங்கையோடு வந்தார். அடுத்த சனிக்கிழமையும் போனார். அதற்கடுத்த சனிக்கிழமையும் போனார். தூண்டில் நரம்பு சிக்கிக்கொண்டால் நூல்கண்டு பிரிக்கிற மாதிரி பொறுமையாகப் பிரிப்பாராம், ஏரி பாக்கிறவன் சொல்லிச் சிரித்தான். தபசு காலம் தொடங்கியதும் எனக்கும் ஒரு சாக்குக் கிடைத்தது. நாற்பது நாளும் நம் வீட்டில் கறி கிடையாது, மீன் உண்டு. "போயிட்டு வாங்க, குழம்புக்கு ஆவும்"னு நானே புழு டப்பாவை எடுத்துக் கொடுத்து அனுப்பினேன்.

போன சனிக்கிழமை அவர் வந்து வாசலில் நின்ற நிற்பே சரியில்லை. இடது கையில் வாளி. வலது கையைத் துண்டில் சுற்றி மார்போடு பிடித்திருந்தார். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. வாளிக்குள் ஒன்றரைச் சாண் நீளத்துக்கு ஒரு மீன், மீசையை ஆட்டிக்கொண்டு கிர், கிர் என்று சத்தம் போட்டது. "குத்திருச்சு"ன்னார். "எப்படி?" "தூண்டில கழட்டறப்ப." அதோடு நிறுத்திவிட்டார். துண்டைப் பிரித்தேன். கட்டைவிரலும் உள்ளங்கையும் சேருகிற மேட்டில் ஒரு சின்ன ஓட்டை. மிளகு அளவுதான். ரத்தம் நின்றிருந்தது. ஆனால் அந்த மனிதர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

பக்கத்து வூட்டுக் காவேரி மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். வாளியை எட்டிப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "அக்கா, இது தேளிக்கா. எங்கண்ணனுக்குக் குத்தி ராப்பகலா கத்துனான். தேளு கொட்டுன மாதிரி வெஷம் ஏறும். அண்ணன படுக்க வையுங்க."

"வெஷமும் இல்ல, ஒண்ணும் இல்ல. கெளுத்தி இது"ன்னார் உன் அப்பா.

"நீங்க என்னாத்தண்ணா கண்டீங்க, ஊசி நூலுதான் தெரியும் உங்களுக்கு. மீசையப் பாருங்க. தேளிக்குத்தான் இத்தன மீசை."

"ஏன், உம் புருசனுக்குந்தான் மீசை இருக்குது. அவன் தேளியா?"

"அவரு கொட்டுறது உங்களுக்கு எங்க தெரியும்"னு அவள் சொன்னாள். அந்த வலியிலும் அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேளி என்றால் விஷம், கெளுத்தி என்றால் வெறும் முள் என்று மனசு அங்குமிங்கும் ஓடியது. கம்பவுண்டர் வீட்டுக்கு ஓடுவதா, வெந்நீர் போடுவதா, எதற்கும் முன்னால் அது என்ன மீன் என்று தெரிந்தாக வேண்டும். தெரிந்தவன் நீ ஒருத்தன். நீ ஆயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் இருந்தாய்.

அப்போதுதான் நீ என்னைப் படுத்திய பாடு நினைவுக்கு வந்தது. காலேஜில் இருக்கும்போது மீன் கொண்டு வருவாய். நான் அரிவாள்மனையை எடுத்தால், "இரும்மா, இரும்மா"ன்னு தடுத்து, முறத்தின் பின்பக்கம் மீனை நீட்டிப் போட்டு, குச்சியால் துடுப்பை விரித்து விரித்துக் காட்டுவாய். உலை கொதித்து அடங்கிவிடும். எனக்கு எரிச்சலாக வரும். "மீசைய எண்ணாதம்மா. கெளுத்திக்கும் எட்டு, தேளிக்கும் எட்டு. வாலைப் பாரு. வால் கத்தரிக்கோல் மாதிரி ரெண்டாப் பிரிஞ்சிருந்தா கெளுத்தி. விசிறி மாதிரி உருண்டிருந்தா தேளி. அப்புறம் முதுகு. கெளுத்திக்கு முன்னாடி ஒரு துடுப்பு நிமிர்ந்து நிக்கும், பின்னாடி எலும்பே இல்லாம கொழகொழன்னு இன்னொரு துடுப்பு இருக்கும். தேளிக்கு முதுகுல பேருக்கு ஒரு துணுக்குத்தான்." நான் காதில் வாங்குகிறேனா என்று திருப்பிக் கேட்பாய். உலையைப் பார்த்துக்கொண்டே ஒப்பிப்பேன். பள்ளிக்கூடம் போகாமல், கோயிலில் உபதேசியார் வாசிக்க வாசிக்க செபப் புத்தகத்தில் விரல் வைத்து எழுத்துப் பழகியவள் நான். காதில் விழுந்தது எதுவும் என்னை விட்டுப் போகாது.

வாளியிலிருந்த மீனைச் சிமெண்டுத் தொட்டியில் விட்டேன். வெயில் சாய்ந்து தண்ணீரில் அடித்தது. வால் இரண்டாகப் பிரிந்திருந்தது. மேல் கிளை கீழ்க் கிளையைவிடக் கொஞ்சம் நீளம். முதுகில் முன்னால் ஒரு துடுப்பு, பின்னால் சதைத் துடுப்பு. தேளி கறுத்தும் சிவந்தும் இருக்கும், இது வெள்ளி மாதிரி மின்னியது. "கெளுத்திதான்"னு சொன்னேன். காவேரி இன்னொரு தரம் குனிந்து பார்த்தாள். "ஆமாக்கா, வாலு பிரிஞ்சுதான் கெடக்குது. கெளுத்தின்னா பயமில்லை"ன்னு மூச்சு விட்டாள். வெந்நீரில் கையை வைக்கச் சொல்லி, மஞ்சள் அரைத்துப் போட்டு, கம்பவுண்டரிடம் ஒரு ஊசியும் போட்டு வந்தோம். அவரும் மீன் பேரைத்தான் கேட்டார். கெளுத்தி என்றதும் ரெண்டு மாத்திரை கொடுத்து அனுப்பினார். மாதா படத்துக்கு முன்னால் முழங்காலிட்டு நன்றி சொன்னேன். நீ சொல்லிக் கொடுத்ததற்கும் சேர்த்து.

கண்ணு, இங்கேதான் நாங்கள் தப்புப் பண்ணினோம். பேர் சரியாகத்தான் இருந்தது. பேர் கிடைத்ததும் பார்ப்பதை நிறுத்திவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனபோது அவர் கை சிவந்திருந்தது. நற்கருணையைக் கையில் வாங்க முடியாமல் நாவில் வாங்கினார். திங்கட்கிழமை விரல் பிதுங்கி, தோல் பளபளவென்று ஆகிவிட்டது. கத்தரிக்கோல் வளையத்தில் கட்டைவிரல் நுழையவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அதற்கு அவர் சொன்னதைக் கேள். "வெஷமில்லாத மீனுன்னு நீதான பாத்துச் சொன்னே. வலி தானா வத்திரும். தபசு காலத்துல வந்த வலி. நான் இத சேசுவுக்கு ஒப்புக்கொடுத்துட்டேன்."

"எதுக்காக ஒப்புக்கொடுத்தீங்க?"

"எதுக்கோ. உனக்கென்ன."

எனக்குத் தெரியாதா. நீ போனதிலிருந்து அந்த மனிதர் பூசையில் என்ன கேட்கிறார் என்று அவர் முதுகைப் பார்த்தே சொல்லுவேன். உனக்காகத்தான். நீ நல்லபடி இருக்கவேண்டும் என்றா, நீ அவரிடம் மனசு ஆற வேண்டும் என்றா, அது அவருக்கும் சேசுவுக்கும்தான் தெரியும். அதைக் கேட்டதும் நான் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. என் மனசு அப்படியே இளகிப் போயிற்று. தபசு காலத்தில் நான் காப்பியை விடுவேன், காவேரியோடு ஊர்வம்பு பேசுவதை விடுவேன். அவர் ஒரு பீடியைக்கூட விட்டதில்லை. அப்பேர்ப்பட்டவர் மகனுக்காக வலியைத் தாங்குகிறாரே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அன்று சாயங்காலம் அவர் வீங்கிய கையோடு முற்றத்தில் உட்கார்ந்திருக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்காக சேசுவின் ஐந்து காயச் செபம் சொன்னேன். சீழ் கட்டுகிற கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செபம் சொன்னவள் உன் அம்மா. பக்தியிலும் சோம்பல் இருக்கிறது. அது பக்தி மாதிரியே இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அவருக்கு ராத்திரி காய்ச்சல் அடித்தது. செவ்வாய்க்கிழமை காலையில் கோழிக்குத் தீனி போட்டுவிட்டுத் தொட்டியைப் பார்த்தேன். மீன் மல்லாக்க மிதக்கத் தொடங்கியிருந்தது. வீணாகப் போகிறதே, குழம்பு வைத்துவிடலாம், அவரும் ரெண்டு வாய் சாப்பிடுவார் என்று எடுத்தேன். கெளுத்தி ஆய்கிறவர்கள் முதலில் செய்வது முள்ளை ஒடிப்பதுதான். செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று, முதுகில் ஒன்று. மொத்தம் மூன்று. அரிவாள்மனைப் பிடியால் தட்டி ஒடித்து ஓரமாக வைப்பேன், பிள்ளைகள் காலில் ஏறிவிடக் கூடாது என்று எண்ணி எடுத்துக் குப்பையில் போடுவது என் வழக்கம். முதுகு முள்ளை ஒடித்தேன். வலது பக்கத்து முள்ளை ஒடித்தேன். உள்பக்கம் ரம்பம் மாதிரி பல் பல்லாக இருந்தது. இடது பக்கம் தட்டினால் தட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அடிக்கட்டை மட்டும் நின்றது. நுனி எங்கே?

தொட்டிக்குள் துழாவினேன். வாளியைக் கவிழ்த்துப் பார்த்தேன். வீட்டுக் கணக்கில் ஒரு ரூபாய் உதைத்தால் எனக்குச் சோறு இறங்காது, உனக்குத் தெரியும். இங்கே உதைத்தது அரை முள். அது வாளியிலும் இல்லை, தொட்டியிலும் இல்லை என்றால் இருக்கக்கூடிய இடம் ஒன்றுதான். கையெல்லாம் மீன் கவிச்சியோடு அப்படியே உள்ளே ஓடினேன்.

"எந்திரிங்க. முள்ளு உங்க கைக்குள்ள இருக்குது."

"கெளுத்திக்கு வெஷமில்லைன்னு..."

"வெஷத்த விடுங்க. வெஷமா இருந்தா இந்நேரம் வலி எறங்கியிருக்கும். ஒடஞ்சு உள்ள கெடக்குது. ரம்பம் மாதிரி இருக்குது, தானா வராது."

அவர் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்ன கேட்டார் தெரியுமா? "ஒப்புக்கொடுத்தத எப்படித் திருப்பிக் கேக்கறது?"

சாமியாரைக் கேட்டுவிட்டு வரலாம் என்றால் அவர் வேறு ஊருக்குத் திருப்பலிக்குப் போயிருந்தார். எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரிடம் அப்படிப் பேசியதில்லை. "நான் திருப்பிக் கேக்கறேன். பாவம்னா என் பேருல எழுதட்டும். நீங்க வலியத்தான ஒப்புக்கொடுத்தீங்க, வெரலக் குடுக்கலையே. தையக்காரன் கட்டைவெரல வாங்கி சேசு என்ன பண்ணப் போறாரு"ன்னேன். காவேரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "சரியாச் சொன்னக்கா. எங்க மாரியாத்தாகூட கோழியத்தான் கேக்கும், வெரலக் கேக்காது"ன்னாள். அவர் எழுந்து சட்டையை மாட்டினார். ஒரு கையால் பட்டன் போட வரவில்லை. பட்டன் தைத்துத் தைத்தே வாழ்ந்த மனிதர். நான் போட்டுவிட்டேன். காவேரி புருஷன் சைக்கிளில் உட்கார வைத்து அதியமான்கோட்டை ரோட்டுக்குக் கொண்டுவந்து விட்டார். பஸ் ஏறினோம்.

இங்கே டாக்டர் சின்ன வயசுக்காரர், உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். "என்ன மீன்?"னுதான் அவரும் கேட்டார். கெளுத்தி என்று சொல்லி, அதோடு நிறுத்தாமல், முந்தானையில் முடிந்து கொண்டுபோன அடிக்கட்டையையும் முழு முள்ளையும் எடுத்து மேசையில் வைத்தேன். ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "நுனி இவ்ளோ நீளம் உள்ள இருக்கணும்"னு விரலால் அளந்து காட்டினார். அன்றைக்கே அறுத்து எடுத்தார்கள். ஊசியில் பாதி இருக்கும். சீழ், விரலை இழுக்கிற நரம்புவரைக்கும் போயிருந்ததாம். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்கவில்லை. "நரம்பு பொழச்சிருக்கான்னு கட்டுப் பிரிக்கிற அன்னைக்குத்தாம்மா தெரியும்"னார். அந்த நாள்தான் இன்றைக்கு.

நேற்று அவருக்குச் சோறு ஊட்டப் போனேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்க்கிறார்கள் என்று வாயை மூடிக்கொண்டார். இடது கையால் சாப்பிடவும் மனசு வரவில்லை. கடைசியில் ஸ்பூன் வாங்கிக் கொடுத்தேன். பாதி சோறு மடியில் சிந்தியது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். கண்ணு, நீ அங்கே தனியாக இருக்கிறாய். உனக்கும் ஏதாவது ஒரு நாள் குத்தும். உடம்பில் குத்தலாம், மனசில் குத்தலாம். இது ஒன்றுமில்லை, இன்னதுதான் என்று ஒரு பேரைச் சொல்லிவிட்டு அதன்மேல் உட்கார்ந்துவிடாதே. ரோஷம் என்றோ, கடமை என்றோ, கர்த்தருக்காக என்றோ சொல்லி மூடி வைக்காதே. உள்ளே எதுவும் ஒடிந்து கிடக்கிறதா என்று யாரிடமாவது காட்டு. எங்களுக்காக எதையும் தாங்கிக்கொள்ளவும் வேண்டாம். எங்களுக்கு வேண்டியது நீ முழுசாக இருப்பது.

நர்சம்மா தட்டோடு உள்ளே போகிறார். மீதியை வந்து எழுதுகிறேன்.

மணி பதினொன்று ஆகப் போகிறது.

கட்டைப் பிரித்தார்கள். வீக்கம் வடிந்து தோல் சுருங்கியிருந்தது. "மடக்குங்க"ன்னார் டாக்டர். உன் அப்பா மடக்கவில்லை. விரலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "வலிக்குதுங்களா?" "இல்லீங்க." "அப்ப மடக்குங்க." மறுபடியும் சும்மா இருந்தார். மடக்கிப் பார்க்காதவரைக்கும் விரல் இருக்கிறது என்று நினைத்திருப்பார் போல. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எந்தச் செபமும் வாயில் வரவில்லை. டாக்டர் தன் விரலை நீட்டி, "இதப் புடிங்க"ன்னார். சின்னக் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி. அப்போது பிடித்தார். கட்டைவிரல் மெதுவாக, துருப்பிடித்த கீல் மாதிரி நின்று நின்று வளைந்து, டாக்டர் விரலைத் தொட்டது. அழுத்தம் இல்லை. ஆனால் தொட்டது. "நரம்பு இருக்குது. கத்தரிக்கோல் புடிக்க மூணு மாசம் ஆகும், தெனமும் பயிற்சி பண்ணணும்"னு டாக்டர் சொன்னார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நர்சம்மா என்னைத் திட்டினார், ஆஸ்பத்திரித் தரை என்று.

மருந்து வைத்துக்கொண்டே டாக்டர் கேட்டார். "தூண்டில கழட்டறப்ப குத்துனா இவ்ளோ ஆழமாப் போகாதே. முள்ளு ஒடியற அளவுக்கு எப்படிக் குத்துச்சு?"

உன் அப்பா என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கழட்டியாச்சுங்க. அப்புறம் மடியில வச்சு, துடுப்ப விரிச்சுப் பாத்தேன். அது துள்ளுச்சு. நான் விடலை."

"எதுக்குத் துடுப்ப விரிச்சீங்க?"

"என்ன வகைன்னு பாக்கத்தாங்க. எம் பையன் அப்படித்தான் பாப்பான். அதுல நெறைய வகை இருக்குதுன்னுவான். கெளுத்தின்னு தெரியும், எந்தக் கெளுத்தின்னு தெரியல."

டாக்டர் சிரித்தார். உன் அப்பா சிரிக்கவில்லை. இத்தனை சனிக்கிழமையும் அந்த ஏரிக்கரையில் அவர் எதற்காகப் போய் உட்கார்ந்தார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

டாக்டர் போனபிறகு, "எழுதறியா அவனுக்கு"ன்னு கேட்டார். பெஞ்சில் நான் எழுதிக்கொண்டிருந்ததைக் கதவு வழியாகப் பார்த்திருக்கிறார். ஆமாம் என்றேன். திட்டுவார் என்று நின்றேன். "வெள்ளை மீனுன்னு மட்டும் எழுதி வச்சிராத. முதுகுத் துடுப்பு அடியில கறுப்பா ஒரு பொட்டு இருந்துச்சு. பக்கத்துல கோடு கிடையாது. மேல் மீசை ரெண்டும் வால் வரைக்கும் எட்டுச்சு, நான் இழுத்து வச்சுப் பாத்தேன். பின்னாடி இருக்கிற சதைத் துடுப்பு நீளம், முன் துடுப்பு கிட்டயே ஆரம்பிக்குது. இதெல்லாம் எழுது. இல்லாட்டி அவனால சொல்ல முடியாது." நான் எழுதிக்கொண்டேன். அளவு எழுதிக் கொடுக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். வாலின் மேல் கிளை நீளம் என்பதை மட்டும் நான்தான் சேர்த்தேன். "ஆமா, அதையும் எழுது"ன்னார்.

ஆகவே கண்ணு, இது எந்தக் கெளுத்தி என்று பார்த்து எழுது. புத்தகத்தில் போட்டிருக்கிற அந்த நீளமான பேரையும் சேர்த்து எழுது. அவருக்கு அதைச் சொல்லிப் பழக வேண்டுமாம், நாங்கள் வீட்டுக்குப் போவதற்குள் வந்தால் நல்லது என்கிறார். லீவு கேட்டு அலையவேண்டாம். ஒரு கார்டு போதும்.

சேசுவின் திரு இருதயம் உன்னைக் காக்கட்டும்.

உன் அம்மா